ஒன்றாம் நிலையத்தில் கோளாறு

ஃப்ளாக்ஸ்டாஃப் ஆஸ்பத்திரியில் மாத்திரையை விழுங்கிவிட்டு, நோரீன் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். சமையலறையில் கால் வைத்துக் கைப்பையைக்கூட இறக்கவில்லை, பக்கத்து அறையில் சைரன் ஊளையிட ஆரம்பித்தது. அவள் கணவன் டெல்மர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் கேட்டது. சரி, கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தாள். பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

டெல்மரைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவள் நினைப்பில் இருந்த நியாயம் புரியாது. அவர்கள் ஊரான ஜூனிப்பர் ஃப்ளாட்டில் தபால் நிலைய வரிசையில் அவன் நின்றால் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. ஆனால் கணினியில் அவன் பெயரைச் சொன்னால் அமெரிக்கா பூராவும், கனடாவில் கொஞ்சமும், ஆட்கள் எழுந்து நிற்பார்கள். தொலைபேசிக் கம்பெனியில் ஓய்வு பெற்ற கையோடு ஒரு கெய்கர் கருவியை வாங்கிக் கணினியில் மாட்டி, வீட்டைச் சுற்றிக் கதிர்வீச்சு எவ்வளவு என்று நிமிஷத்துக்கு நிமிஷம் இணையத்தில் போட ஆரம்பித்தான். அவனைப் பார்த்து இன்னொருத்தர், அவரைப் பார்த்து இன்னொருத்தர் என்று சேர்ந்து, இப்போது அது ஒரு பெரிய வரைபடம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஓர் எண். நூறுக்குள் இருந்தால் பச்சை. தாண்டினால் சிவப்பு, கூடவே சைரன். யாருக்கும் சம்பளம் கிடையாது, நன்றியும் கிடையாது. அணு உலையில் ஏதாவது கசிந்து அரசாங்கம் மூடி மறைத்தால் இந்த வரைபடம் ஊருக்குச் சொல்லிவிடும் என்பது ஏற்பாடு. இதுவரை அரசாங்கம் எதையும் மறைக்கவில்லை, அல்லது மிக நன்றாக மறைத்திருக்கிறது.

அந்த வரைபடத்தில் ஒன்றாம் நிலையம் என்பது இவர்கள் வீட்டுச் சாப்பாட்டு அறை. அங்கே யாரும் சாப்பிட்டுப் பதினான்கு வருஷம் ஆகிறது. மேசை முழுக்க திரை, கம்பி, பெட்டி. சாப்பாடு சமையலறையிலேயே, ஆளுக்கொரு நேரத்தில்.

இந்தக் காலத்தில் எத்தனையோ சைரன் அடித்திருக்கிறது. மழை பெய்தால் எண் ஏறும். யாராவது பழைய ஒளிரும் கடிகாரத்தைக் கருவி பக்கத்தில் வைத்தால் ஏறும். எல்லாவற்றையும்விட அதிகமாக ஏறுவது, வீட்டில் ஒருத்தர் ஆஸ்பத்திரியில் கதிரியக்க மருந்து ஏற்றிக்கொண்டு வந்து கருவிக்குப் பக்கத்தில் உட்காரும்போது. அதனால் டெல்மர் ஒரு சட்டம் போட்டிருந்தான். ஒரு நிலையம் சிவந்தால் உடனே அந்த வீட்டுக்குப் போன் போட வேண்டும், போட்டதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: வீட்டில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தீர்களா? கௌரவம் பார்க்கக் கூடாது, நமக்கே தெரியும் என்று விட்டுவிடக் கூடாது. ஓய்வு பெற்ற கர்னலிடம் கேட்டிருக்கிறான், பாதிரியாரிடம் கேட்டிருக்கிறான். ஒஹையோவில் லூசிண்டா என்ற அம்மாவிடம் கேட்டபோது, ஆஸ்பத்திரிக்குப் போனது அவள் பூனை என்று தெரிந்தது. பூனைக்குத் தைராய்டு. சிகிச்சை முடிந்து வந்து கருவி மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு மாசம் டெல்மர் விடாமல் போன் போட்டுப் பூனைக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். சீக்கிரம் குணமாகட்டும் என்று வாழ்த்து அட்டைகூட அனுப்பினான். அதில் நோரீனையும் கையெழுத்துப் போட வைத்தான்.

நோரீனுக்கும் தைராய்டுதான். இலையுதிர் காலத்திலிருந்து நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, கதிரியக்க அயோடின் ஒரே மாத்திரை, அதோடு சரியாகும் என்றார். அவள் டெல்மரிடம் சொல்லாமல் இல்லை. இரண்டு முறை சொன்னாள். முதல் முறை காலையில், அவன் திரையைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கும்போது. "ம்... நல்லது. உனக்கு எது வசதியோ அப்படிப் பண்ணு" என்றான். இரண்டாம் முறை வண்டியில். அங்கே திரை இல்லை, தப்ப முடியாது என்று நினைத்துச் சொன்னாள். அயோடின் என்ற வார்த்தை மட்டும் அவன் காதில் ஏறியது. ஜப்பான் அணு உலை விபத்து சமயத்தில் ஜனங்கள் அயோடின் மாத்திரைக்கு எப்படி அடித்துக்கொண்டார்கள், அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று வீடு வரும்வரை பிரசங்கம் பண்ணினான். அருமையான பிரசங்கம். அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவள் முடிவு பண்ணினாள், மூன்றாம் முறை சொல்ல மாட்டேன். நெப்ராஸ்காவில் ஒருத்தன் தும்மினால் இவனுக்குத் தெரிகிறது. நானே கதிர்வீச்சோடு வீட்டுக்குள் வந்து நின்றால் தெரியாதா? தெரியட்டும். தானாக வந்து, 'நோரீ, உனக்கு என்ன' என்று கேட்கட்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். இது பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

"வந்துட்டியா? அங்கயே நில்லு, எதையும் தொடாதே" என்று டெல்மர் சாப்பாட்டு அறையிலிருந்து கத்தினான். "முன்னூத்தி நாப்பது. கம்பி எங்கயோ விட்டுப்போச்சு."

அவள் அங்கேயே நின்றாள். மற்றவர்களிடமிருந்து ஆறடி தள்ளி இரு, தனியாகப் படு, தனித் தட்டில் சாப்பிடு, ஒன்றரை வாரத்துக்கு இதுதான் ஒழுங்கு என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். "பத்து நாளைக்கு நான் தையல் அறையில படுத்துக்கறேன்" என்றாள் நோரீன்.

"ரொம்ப குறட்டை விடறேனா? சரி, சரி" என்று சொல்லிவிட்டுக் கருவியைக் கழற்ற ஆரம்பித்தான்.

அவள் தையல் அறைக்குப் போனதும் எண் சரசரவென்று இறங்கியது. கம்பியை இறுக்கியதால் சரியானது என்று டெல்மர் குறித்துக்கொண்டான். மறுநாள் காலை காப்பி போட வந்தாள், சைரன் மறுபடி அலறியது. உடனே நெப்ராஸ்காவிலிருந்து ஆர்டிஸின் போன் வந்தது. அவள் இந்த வரைபடத்தில் டெல்மருக்கு அடுத்தபடி மூத்தவள். வாரம் ஒருமுறை அவனோடு சண்டை போடாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. டெல்மர் கையில் திருப்புளி இருந்ததால் போனை மேசைமேல் வைத்தே பேசினான். சமையலறையில் நோரீனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"என்னய்யா, உன் வீடே செவசெவன்னு கிடக்கு?"

"கருவிக்குள்ள இருக்கிற குழாய் போயிருச்சு ஆர்டிஸ். பழசு."

"முதல் கேள்விய கேட்டியா?"

"யார்கிட்ட கேக்க? இங்க நானும் நோரீனும்தான். நான் வீட்டை விட்டு நகரல. அவளுக்கென்ன, குதிரை மாதிரி இருக்கா. இப்ப கொஞ்சம் இளைச்சு, பாக்க நல்லாவே இருக்கா."

"அந்தச் சட்டம் போட்டது நீதானே?"

"ஊர்ல இருக்கவங்களுக்குப் போட்டேன். என் வீட்ல நடக்கறது எனக்குத் தெரியாதா?"

நோரீன் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு அவனுக்கான உறைந்த சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து வைத்தாள். ஒரு வாரத்துக்கு முன்பே சமைத்து உறைய வைத்தது. அவள் கை இப்போது அவன் சாப்பாட்டில் படக் கூடாது. ஏன் கையுறை என்று அவன் கேட்கவில்லை. ஏன் திங்கள்கிழமை சாப்பாடும் செவ்வாய்க்கிழமை சாப்பாடும் ஒரே மாதிரி இருக்கின்றன என்றும் கேட்கவில்லை. தட்டைக் காலி பண்ணினான்.

புதுக் குழாய் வந்தது, மாட்டினான், அதுவும் அலறியது. டெல்மர் சும்மா விடுகிற ஆளில்லை. எண் ஏறும் நேரங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தான். காலைச் சாப்பாட்டு நேரம், மத்தியானச் சாப்பாட்டு நேரம், ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"நோரீ, விஷயம் சமையலறையிலதான் இருக்கு" என்றான்.

சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த நோரீனுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "ஆமா" என்றாள்.

"வாழைப்பழம்" என்றான் டெல்மர்.

வாழைப்பழத்தில் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டாம். பழத்தைத் தூக்கி வெளித் திண்ணையில் வைத்தான். பிறகு உப்புக்குப் பதிலாகப் போடும் பொடி. பிறகு பிரேசில் கொட்டை. பிறகு அவர்கள் கல்யாணத்துக்கு வந்த பழைய ஆரஞ்சுத் தட்டுகள், அந்தக் காலத்தில் அந்த நிறத்துக்கு யுரேனியம் கலப்பார்களாம். அடுப்பை நகர்த்தினான். தரை விரிப்பைச் சுருட்டினான். இரண்டு நாளில் சமையலறையில் மேசை நாற்காலி போக மீதி ஒவ்வொரு பொருளையும் வெளியே கொண்டு போய் வைத்துவிட்டான், அவளைத் தவிர. எண் இறங்கவில்லை.

கடைசியாகக் கையடக்கக் கருவியைக் கொண்டு வந்தான். சுவரை ஒட்டிப் பார்க்கப் போகிறவன், குனிவதற்கு முன் அதை மேசை விளிம்பில் அவள் பக்கம் தள்ளினான். "இதைக் கொஞ்சம் பிடி." அவள் எடுத்தாள். அது அவள் கையில் பைத்தியம் பிடித்த மாதிரி கத்தியது. நோரீன் அசையாமல் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படித்தான் சொல்வது?

டெல்மர் நிமிர்ந்தான். கருவியைப் பார்த்தான். "முன்பக்கத் தகட்டை அழுத்தாதேன்னு எத்தனை தரம் சொல்லியிருக்கேன். போச்சு, இதுவும் போச்சு. அங்க வெச்சுடு."

அழுகை வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தையல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு நெஞ்சு வலித்தது, அது தைராய்டு இல்லை.

காரணம் தெரியாத சிவப்பு வட்டம் டெல்மரின் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. முதல் நிலையமே பொய் சொன்னால் மற்றவர்கள் எப்படி நம்புவார்கள்? அவன் சாப்பாட்டு அறையைவிட்டு நகராமல் உட்கார்ந்து, கணினி நிரலுக்கு ஒரு மேம்பாடு எழுதினான். இனிமேல் ஒரு நிலையம் மட்டும் தனியாக ஏறினால், சுற்றியுள்ள நிலையங்களும் ஏறாதவரை, கணினி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. அதற்கு 'வீட்டுச் சத்தம்' என்று பெயர் வைத்தான். எண்ணை மட்டுப்படுத்தி, வட்டத்தைப் பச்சையாகவே காட்டும். சைரன் அடிக்காது. முதலில் தன் நிலையத்தில் போட்டுப் பார்ப்பது, சனிக்கிழமை கூட்டத்தில் எல்லோரும் சம்மதித்தால் கண்டம் முழுக்கப் போடுவது.

வெள்ளிக்கிழமை அவன் ஏதோ கம்பி வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது நோரீன் சாப்பாட்டு அறைக்குள் போனாள். கருவிக்குப் பக்கத்தில், முழங்கை படும் தூரத்தில் நின்றாள். பெட்டிக்குள் டிக்டிக்கென்று ஓயாத சத்தம். திரையில் முப்பத்தொன்று. பச்சை. அவள் இன்னும் நெருங்கினாள். முப்பத்தொன்றுதான். அவளுக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. கவனிக்காமல் விட்டது ஒன்று, உட்கார்ந்து மெனக்கெட்டு அழித்தது இன்னொன்று. முதலாவதை அவள் வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவதைப் பொறுக்க முடியவில்லை.

அந்த நேரத்தில் போன் அடித்தது. எடுத்தாள். ஆர்டிஸ்.

"டெல்மர் இல்லியா? நல்லதாப் போச்சு. நோரீன்தானே? நான் ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதே கண்ணு. நீ ஆஸ்பத்திரிக்கு ஏதாவது போனியா?"

"போனேன்" என்றாள் நோரீன். அவ்வளவு சுலபமாக வந்தது.

"தைராய்டா?"

"ஆமா."

"அவனுக்குத் தெரியாதா?"

"ரெண்டு தரம் சொன்னேன்."

ஆர்டிஸ் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள், சொல்லிவிட்டு மன்னிப்பும் கேட்டாள். "இப்ப எப்படி இருக்கே?"

இதற்குத்தான் நோரீன் அழுதாள். முன்பின் முகம் பார்த்திராத ஒருத்தி ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கேட்டாளே, அதற்கு. "நல்லாத்தான் இருக்கேன். தொண்டை மட்டும் கரகரங்குது" என்றாள். "நீங்க அவன்கிட்ட சொல்லிடாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்? சட்டப்படி கேக்கத்தான் போறேன்."

சனிக்கிழமை கூட்டம் என்பது, முப்பது பேர் அவரவர் வீட்டிலிருந்து கணினியில் பேசுவது. குரல் மட்டும்தான், முகம் கிடையாது. டெல்மர் ஒலிபெருக்கியைத் திருகி வைத்துக்கொண்டு மேம்பாட்டை விளக்கினான். நோரீன் காப்பிக் கோப்பையோடு காலியான சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கும் ஒன்றும் நடக்காவிட்டால் யூமாவிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்விடுவதென்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். எத்தனை நாளைக்கு என்று அவளுக்கே தெரியாது.

"ஒன்றாம் நிலையத்துல எட்டு நாளா இந்தத் தொல்லை. எல்லாக் காரணமும் தேடியாச்சு. ஒண்ணும் இல்ல. மேம்பாடு போட்டேன், சத்தமில்லாம அடங்கிடுச்சு" என்றான் டெல்மர்.

"ஒரே ஒரு வீட்ல நடந்தா அது நடக்காததுன்னு ஆயிடுமாய்யா?" என்றது ஆர்டிஸின் குரல்.

"அப்படி இல்ல. அடுத்த வீட்டுக்கு ஆபத்தில்லேன்னு அர்த்தம்."

"முதல் கேள்விய கேட்டியா?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே. பதில் எனக்குத் தெரியும்."

"கேட்டியா, இல்ல தெரியுமா?"

ஒலிபெருக்கியில் யாரோ கனைத்தார்கள். ஒஹையோ லூசிண்டா மெதுவாக, "என் பூனையவே விசாரிச்சீங்களே டெல்மர்" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். டெல்மரும் சிரித்தான். சரி, இவர்கள் வாயை அடைப்போம் என்று சிரித்த முகத்தோடேயே சமையலறைப் பக்கம் திரும்பினான்.

"நோரீ, ஆஸ்பத்திரிக்கு எங்கயாவது போனியா என்ன? இவங்க கேக்கறாங்க."

எட்டு நாளாக இந்த நிமிஷத்துக்கென்று நோரீன் எத்தனையோ வசனம் யோசித்து வைத்திருந்தாள். சில நல்ல வசனங்கள். எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"போனேன்" என்றாள்.

"எதுக்கு?"

"அயோடின் மாத்திரை சாப்பிட. கதிர்வீச்சு இருக்கிற அயோடின். உன் கருவிக்கு எட்டு நாளாத் தெரியும்."

டெல்மரின் முகத்திலிருந்த சிரிப்புக்கு எங்கே போவதென்று தெரியவில்லை, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். கணினியின் பக்கம் திரும்பி, பழக்கம் விடுமா, அறிக்கை கொடுத்தான்.

"ஒன்றாம் நிலையம். மருத்துவக் காரணம். கருவியில கோளாறு எதுவும் இல்ல."

அந்தக் குரலில் நிம்மதி இருந்தது. நோரீனுக்கு அது தெளிவாகக் கேட்டது. கோப்பையை எடுத்து அவன் மண்டையைக் குறி பார்த்து எறியலாமா என்று உண்மையாகவே யோசித்தாள்.

"கருவியத் தூக்கிக் குப்பையில போடு" என்றாள் ஆர்டிஸ். "உன் பொண்டாட்டிக்கு உடம்புக்கு என்ன? அதைச் சொல்லு."

டெல்மர் வாயைத் திறந்தான். எதற்கும் பதில் வைத்திருப்பவன். ரேடான் வாயு என்றால் பதில், செர்னோபில் என்றால் பதில், பூனை என்றால் பதில். இளைத்தது, கையுறை, தையல் அறை, ஒரே மாதிரிச் சாப்பாடு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவன் முகத்தில் வந்து விழுவதை நோரீன் இருந்த இடத்திலிருந்தே பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் அந்த வார்த்தையைச் சொல்லி அந்த முப்பது பேரில் ஒருத்தரும் கேட்டதில்லை. டெல்மர் விசைப்பலகையில் எதையோ தட்டினான். மேம்பாடு போனது. வட்டம் சிவந்தது, சைரன் வீட்டைத் தூக்கிக்கொண்டு அலறியது. வழக்கமாக ஓடிப்போய் அதை நிறுத்துகிறவன், அதை அப்படியே விட்டுவிட்டுச் சமையலறையை நோக்கி வந்தான்.

"அங்கயே நில்லு. ஆறடி" என்றாள் நோரீன்.

அவன் நின்றான். ஏனென்று அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. "எட்டு நாளா ஆறடியா?" என்றான்.

"எட்டு நாளா. உனக்கு வித்தியாசம் தெரியல. அதுக்கு முன்னாடியும் நாம அப்படித்தானே இருந்தோம்."

டெல்மருக்குப் பின்னால் சாப்பாட்டு நாற்காலி இருந்தது, அதை இழுத்து வாசற்படியில் போட்டு உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்துத் தரையில் வைத்தான். அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்தது, இரக்கம் வந்ததே என்று எரிச்சலும் வந்தது.

"நோரீ, உனக்கு உடம்புக்கு என்ன?" என்றான்.

"முதல்ல அதை நிறுத்து. அதுக்கு மேல கத்திப் பேச எனக்குத் தெம்பு இல்ல."

அவன் எழுந்து போய்க் கருவியின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினான். வீடு அடங்கியது. அந்த அமைதியில் ஒலிபெருக்கி லேசாக இருமியது.

"நாங்க எல்லாரும் இன்னும் லைன்லதான் இருக்கோம் கண்ணு. வெச்சுடட்டுமா?" என்றாள் ஆர்டிஸ்.

நோரீன் டெல்மரைப் பார்த்தாள். அவன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நம்பலாமா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

"வேணாம், இருங்க" என்றாள். "இவன் கேக்காம விட்டாலும் நீங்க முப்பது பேர் கேப்பீங்க."

பிறகு சொல்ல ஆரம்பித்தாள். இலையுதிர் காலத்தில் ஒருநாள் கடையில் பால் எடுக்க நின்றபோது, காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்தது என்று, முன்பு இரண்டு முறை ஆரம்பித்த அதே இடத்திலிருந்து.